ஒப்பீட்டுக்கு விட்ட இடம்

கடலுக்கு அடியில் தோட்ட வேலை பார்த்தால் இடுப்பு வலிக்காது, மேடம். வெளியே யாரும் இதை நம்புவதில்லை. தண்ணீர் நம் எடையைத் தாங்கிக்கொள்ளும். குனிகிறோம் என்பதே தெரியாது. மற்றதெல்லாம் வலிக்கும். காது வலிக்கும், பல் வலிக்கும், முகக் கண்ணாடி அழுத்திய இடம் சாயங்காலம் வரை சிவந்திருக்கும். இடுப்பு மட்டும் வலிக்காது. எங்கிருந்து ஆரம்பிக்கிறாய் என்று கேட்டீர்கள். எனக்கு இங்கிருந்துதான் ஆரம்பிக்கத் தோன்றுகிறது.

நான் படிப்பது முதுநிலைப் படிப்பு. கடல்வாழ் சூழலை மீட்டெடுத்தலும் பாதுகாத்தலும் என்று அதற்குப் பெயர். வீட்டில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவிவிடுவான். “அப்ப கடல்ல புல்லு நடற. சரி. மாடு எங்கடா நிக்கும்?” என்பான். அண்ணி சிரிப்பாள். “அவன் ஏதோ படிக்கிறானே, அதுவே பெருசு, விடுடா” என்பாள் அம்மா. அண்ணன் சொன்னதைவிட அதுதான் அதிகம் உறுத்தும். அப்பா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவர் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர். கடையைப் பற்றி நீங்களே விசாரித்திருப்பீர்கள். வெளியே பெஞ்சில் இருமிக்கொண்டிருப்பது அவர்தான் என்று நினைக்கிறேன். ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொன்னால் நல்லது.

கத்தியைப் பற்றி மறுபடியும் கேட்கிறீர்கள். சொல்கிறேன். அது கடைசியில் வருகிற விஷயம்.

எங்கள் துறை ஒரு பழைய ஐஸ் கிடங்கில் நடக்கிறது. சுவரோரம் கண்ணாடித் தொட்டிகள், ஓயாமல் குமிழி விடும் மோட்டார்கள், எப்போதும் காயாத தரை. ஒரு கயிற்றில் டைவிங் உடைகள் வரிசையாகத் தொங்கும். போன வருடம் ஃபெயிலானவர்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவற்றை அறிமுகப்படுத்துவேன். முகத்தை மாற்றாமல் சொல்வேன். சுவர்ப் பத்திரிகையையும் நான்தான் நடத்தினேன். ஒரு முறை துறைத்தலைவருக்கு இரங்கல் செய்தி எழுதி, அவரிடமே கொடுத்துப் பிழைதிருத்தம் பார்க்க வைத்தேன். அவரும் பார்த்துக் கொடுத்தார், சிரித்துக்கொண்டே. நான் எதைச் சொன்னாலும் அங்கே சிரிப்பார்கள். இது பின்னால் வரும்.

வாட்ச்மேன் என் அறைத்தோழன். உங்கள் கோப்பில் இருக்கும் பெயரில் அவனை யாரும் கூப்பிட்டதில்லை. அவன் வாட்ச்மேன், நான் நடவு. இரண்டும் நான் வைத்த பெயர்கள்தான்.

காரணம் இது. கரைக்குப் பக்கத்தில் கடலடியில் ஒரு புல்வெளி இருந்தது. மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்கிற இடம். படகுகள் நங்கூரம் போட்டுப் போட்டு அதை உழுத வயல் மாதிரி ஆக்கிவிட்டிருந்தன. துறைத்தலைவர் அதில் இரண்டு கட்டம் அளந்து கொடுத்தார். ஒன்றில் நான் புல் நட வேண்டும். அடுத்ததில் யாரும் ஒன்றும் செய்யக் கூடாது. எந்த ஆய்வுக்கும் அப்படி ஒரு கட்டம் வேண்டும், மேடம். ஒன்றும் செய்யாமல் விட்டால் எவ்வளவு மோசம் என்று காட்டினால்தானே செய்தது எவ்வளவு நல்லது என்று தெரியும். ஒப்பீட்டுக்கு விட்ட இடம் என்போம். அதைப் பார்த்துக்கொள்ள இவன் கையைத் தூக்கினான். அதுவும் இடது கையை. வலது தோள் மூட்டு விலகிக் கட்டுப் போட்டிருந்தது. மண் தோண்ட முடியாது. மிதவைகளை வைத்துச் சுற்றிலும் ஒரு கயிறு கட்டினான், படகு வராமல். அவ்வளவுதான் அவன் ஆய்வு. அன்றே வாட்ச்மேன் ஆகிவிட்டான்.

நான் நட்டேன். ஒவ்வொரு புல்லையும் வேரோடு எடுத்து, மண்ணில் வைத்து, ஹேர்பின் மாதிரி வளைத்த கம்பியைக் குத்தி நிறுத்த வேண்டும். விரல் நுனி ஊறி வெடிக்கும். உப்புத் தண்ணீர் அதில் போகும். நட்டுவிட்டு மறுநாள் போனால் நண்டு பிடுங்கிப் போட்டிருக்கும். மறுபடி நடுவேன். நான் நடும்போதெல்லாம் வாட்ச்மேன் பக்கத்துக் கட்டத்தின் மேல் மல்லாந்து மிதந்துகொண்டிருப்பான்.

எங்கள் படிப்பில் தனியாக யாரும் கடலில் இறங்கக் கூடாது. ஆளுக்கொரு ஜோடி உண்டு. இறங்கும் முன் நம் சிலிண்டரைத் திறந்து பார்ப்பது, பெல்ட்டை இழுத்துப் பார்ப்பது, வலையோ கயிறோ சிக்கினால் அறுக்கக் காலில் கத்தி இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது எல்லாம் ஜோடியின் வேலை. தானே சரிபார்த்துக்கொள்கிறவன் தன்னையே ஏமாற்றிக்கொள்வான் என்பது துறைத்தலைவரின் வாதம். நல்ல விதி. என் ஜோடி வாட்ச்மேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவன் கட்டம் பிழைத்துக்கொண்டது. நங்கூரம் வராமல் போனதும், மண்ணுக்குள் செத்தது போலக் கிடந்த வேர் எல்லாம் தலை நீட்டியது. இலை முழங்கால் உயரம் வந்தது. கடல்குதிரைகள் குடிவந்தன. என் கட்டத்தில் கம்பிகள் மட்டும் நின்றன, முடி கொட்டிய தலையில் ஹேர்பின் மாதிரி. இதையும் சுவர்ப் பத்திரிகையில் நானே எழுதினேன். அடுத்தவன் எழுதுவதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

ஆய்வு மதிப்பீட்டுக் கூட்டத்தில் துறைத்தலைவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்.

“நடவு, நீ நட்டது எங்கப்பா?”

“வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போயிருச்சு சார். அங்க சாப்பாடு நல்லா இருக்காம்.”

அறையே சிரித்தது. வாட்ச்மேன் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பாவமாகப் பார்த்தான்.

துறைத்தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “சரி, ஒண்ணு பண்ணலாம். இனிமே கரை முழுக்க வாட்ச்மேன் வழிதான். கயிறு கட்டுவோம், விட்டுடுவோம். அந்த வேலைய அவனே எடுத்து நடத்தட்டும். நடவு, உன் கட்டத்த ஒப்பீட்டுக்கு வெச்சுக்கலாம். என்ன பண்ணா சரிப்படாதுன்னு காட்டறதுக்கும் ஒரு இடம் வேணும்ல?”

கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். வந்தது. இன்னும் போகவில்லை. உங்களிடம் நிதானமாகப் பேசுகிறேனே, இப்போதும் அது உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. என் விரலைப் பாருங்கள். இந்தத் தழும்புகளைப் பற்றி அந்த அறையில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கை வெடிக்க நட்டவன் கோமாளி. கயிற்றைக் கட்டிவிட்டு மிதந்தவன் விஞ்ஞானி. அந்தப் புல்லின் மேல்கூட எனக்குக் கோபம். நான் தூக்கிப் பிடித்தபோது சாகத் தெரிந்தது அதற்கு. கண்டுகொள்ளாதவனிடம் போய் வளரத் தெரிந்தது.

அன்று அறையில் அவன் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான்.

“டேய், கோவமா?”

“எதுக்கு?”

“சார் அப்படிப் பேசினது தப்பு. நான் போய்ச் சொல்றேன். கட்டுரைல உன் பேரையும் போட்டுடலாம்டா. நீ ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இரு, அது போதும்.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அதை நான் மறுக்கவே மாட்டேன். ஒரு மனிதனை அடிக்க வேண்டும் என்றால் நல்ல எண்ணத்தைப் போல வசதியான கட்டை வேறு கிடையாது.

விடுமுறை வந்தது. அவன் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது, ஊருக்குப் போனான். “தாய்மாமன் ஆயிட்டேன்டா. இனிமே மரியாதையாப் பேசு” என்று பேருந்தில் ஏறும்போது சொன்னான். நான் வீட்டுக்குப் போய் அப்பாவின் கடையிலிருந்து கறுப்புத் தார்ப்பாய்களை எடுத்துவந்தேன். எதற்கு என்று அப்பா கேட்டார். ஆய்வுக்கு என்றேன். முதல் முறையாக என் படிப்புக்குத் தன் கடைச் சரக்கு உதவுகிறது என்று அவருக்குச் சந்தோஷம். கிழிசல் இல்லாததாகத் தேடிக் கொடுத்தார்.

வெளிச்சம் இல்லாவிட்டால் புல் சாகும், மேடம். கடலிலும் அப்படித்தான். அவன் கட்டத்துப் புல்லைத் தார்ப்பாயால் போர்த்தி, ஓரங்களில் மணல் மூட்டைகளை வைத்து, கயிற்றால் கட்டினேன். லாரிக்காரர்கள் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். சின்ன வயதில் அப்பா கற்றுக்கொடுத்தது. இதற்காகத் தனியாகக் கடலில் இறங்கினேன். அது விதிமீறல். அதற்கு நான் உண்மையிலேயே வருந்துகிறேன்.

ஒரு மூலையில் கடையின் பெயர் வெள்ளைப் பெயிண்டில் இருந்தது. பெயர் எழுதாமல் அப்பா ஒரு தார்ப்பாயையும் வெளியே அனுப்பமாட்டார். சுரண்டிவிடலாம் என்று கத்தியை எடுத்தேன். மனசு வரவில்லை. எனக்கும் சில விஷயங்கள் முக்கியம்.

சில நாள் கழித்து ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். இலைகள் பழுத்துக் கறுத்திருந்தன. ஒரு கடல்குதிரை அழுகின இலையை வாலால் பிடித்துக்கொண்டே செத்துக் கிடந்தது. அதற்கு விடத் தெரியவில்லை. கையுறையில் ஏறிய அழுகிய முட்டை நாற்றம் சோப்புப் போட்டும் போகவில்லை. முழுக்கச் செத்ததும் தார்ப்பாயை எடுத்துவிட வேண்டும், ஏதோ நோய் வந்து போய்விட்டது என்று எல்லோரும் தலையைச் சொறிய வேண்டும், கடைசியில் நடவு வேண்டும் என்று ஆகும். அதுதான் என் திட்டம். அந்த இடத்தை மீட்டெடுக்க நானே முன்னால் நின்றிருப்பேன். அதற்குத்தானே படிக்கிறேன்.

வாட்ச்மேன் விடுமுறை முடியும் முன்பே வந்துவிட்டான். கையில் இரவல் வாங்கிய கேமரா.

“கெளம்புடா. என் மருமகளுக்கு வீடியோ எடுக்கணும். கண்ணு நல்லாத் தெரிய ஆரம்பிச்சதும் மொத மொதல்ல இதத்தான் காட்டப்போறேன்.”

“கொழந்தைக்கு இப்ப என்னடா புல்லு? நாளைக்குப் போலாமே.”

“நாளைக்குக் காத்து அடிக்குமாம். வாடா நடவு, நீ இல்லாம நான் எறங்க முடியாதுல்ல.”

விதி அப்படி. போனேன். படகில் வைத்து அவனைச் சரிபார்த்தேன், அவன் என்னைச் சரிபார்த்தான். இறங்கினோம்.

அடியில் பேச்சு கிடையாது, கைதான். கறுப்பாகப் போர்த்திக் கிடப்பதைப் பார்த்ததும், என்ன இது என்று என்னைப் பார்த்துக் கையை விரித்தான். நானும் கையை விரித்தேன். இந்த விவகாரத்தில் நான் அவனிடம் சொன்ன ஒரே பொய் அது. அதையும் வாயால் சொல்லவில்லை.

அவன் மூலைக்குப் போய் மணலைத் துடைத்தான். வெள்ளை எழுத்து தெரிந்தது. என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவன், அந்தக் கடையில் உட்கார்ந்து அப்பாவோடு அரட்டை அடித்தவன். படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்போதும் சண்டைக்கு வரவில்லை, மேடம். வந்திருந்தால் ஒருவேளை இரண்டு பேருமாக மேலே வந்திருப்போம். அவன் கேமராவை விட்டுவிட்டு அவசர அவசரமாக முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான். கீழே இன்னும் ஏதாவது உயிரோடு இருக்கும் என்று நினைத்தான் போல. நான் ஒரு பொருட்டே இல்லை அவனுக்கு.

ஒரு பக்கம் அவிழ்ந்ததும் அலை உள்ளே புகுந்து தார்ப்பாயைத் தூக்கிற்று. தூக்கி, அவன் மேலேயே கவிழ்த்தது. கயிறு கணுக்காலில் விழுந்தது. இழுத்தான், இறுகியது. ஒரு கையால் தார்ப்பாயைத் தள்ளிக்கொண்டே இன்னொரு கையைக் காலுக்குக் கொண்டுபோனான். கத்தி இருக்கும் உறையில் கை வெறுமனே போய் வந்தது. பிறகு என் பக்கம் இரண்டு விரலை நீட்டி, கத்தரிப்பது போல அசைத்தான். வெட்டு என்று அர்த்தம். முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள்.

என் காலில் கத்தி இருந்தது. அது எப்போதும் இருக்கும்.

நான் கை எட்டாத தூரத்தில் நின்றேன். மனிதன் தலையிடாமல் விட்டுவிட்டால் போதும், மற்றதைக் கடல் பார்த்துக்கொள்ளும் என்று அவன் ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நான்தான் அவனுக்கு அந்த வாக்கியத்தைத் திருத்திக் கொடுத்தேன். தலையிடவில்லை. பதறுகிறவர்களுக்குக் காற்று சீக்கிரம் தீரும், இழுத்து இழுத்து விடுவார்கள். நான் நிதானமாக மூச்சு விடுகிறவன். அவனுடையது தீர்ந்தபோது என் சிலிண்டரில் பாதிக்கு மேல் இருந்தது. விரல்கள் கொஞ்ச நேரம் கத்தரித்துக்கொண்டே இருந்தன. பிறகு நிறுத்திவிட்டன.

மேலே வந்தேன். படகுக்காரர் கை கொடுத்துத் தூக்கினார்.

“வாட்ச்மேன் எங்கப்பா?”

“கீழயே விட்டுட்டு வந்துட்டேன்ணே.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஏன், ட்யூட்டி மாத்த ஆள் வரலியா அவருக்கு?” என்றார். நான் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினேன். அவர் மீதி ஜோக்குக்காகக் காத்திருந்தார். நான் மறைக்கவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். நடந்ததை அப்படியே சொன்னேன். சிரித்தது அவர்.

உங்கள் ஆட்கள் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, தார்ப்பாய் விலகின இடத்தில் பச்சையாகத் துளிர் தெரிகிறது என்று சொன்னார்களாம். பார்த்தீர்களா, அவன் சொன்னது சரிதான். அவன் தங்கையிடம் யாராவது இதைச் சொல்ல வேண்டும். பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை என்று ஆறுதலாக இருக்கும்.

கத்திக்கு வருகிறேன். என் பையில், சோப்பு டப்பாவுக்குக் கீழே இருக்கிறது. அன்று காலை படகில் அவன் காலைத் தட்டிப் பார்த்தபோது உருவி எடுத்துக்கொண்டது நான்தான். எடுத்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஜோடி சொன்னால் நம்ப வேண்டும், அதுதானே விதி. எதற்காக எடுத்தாய் என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் நினைக்கிற மாதிரி பெரிய காரணம் ஒன்றும் இல்லை, மேடம். சும்மாதான் எடுத்தேன்.