கொழும்புல ஒரு வெல, இங்கன ஒரு வெல

ஹாஜரா: பேச்ச மாத்தாதீங்க மச்சான். தலையத் தொவட்டிக்கிட்டே சொல்லுங்க. திரும்பிப் போறதுக்கும் சேத்து அங்கனயே ஏன் டிக்கெட் எடுக்கல?

மசூது: மறுபடியும் அதா? அருவியில குளிச்சிட்டு வந்து இப்பதான் ஒக்காருதேன்...

ஹாஜரா: குத்தாலம் எங்கயும் ஓடிப்போவாது. சொல்லுங்க.

மசூது: ஏட்டி, ப்ளேன் டிக்கெட்டுங்கது புளி, மொளகா மாதிரி இல்ல. அதே ப்ளேனு, அதே சீட்டு... கொழும்புல வாங்குனா ஒரு வெல, திருச்சியில வாங்குனா ஒரு வெல. இங்கன எடுத்தா சல்லிசு.

ஹாஜரா: எவ்வளவு சல்லிசு?

மசூது: நெறைய.

ஹாஜரா: நெறையன்னா?

மசூது: ஒனக்கு என்னத்துக்குட்டி அந்தக் கணக்கு? இந்தா, மங்குஸ்தான் தின்னு. ஒனக்குன்னே வாங்குனது.

ஹாஜரா: பழத்தக் குடுத்து வாய அடைக்காதீங்க. துல்கர்னைன் அண்ணன் நேத்து தென்காசிக்கு வந்திருந்தாவ.

மசூது: யாரு... திருச்சியில டிக்கெட் ஆபீஸ்ல இருக்கானே, அவனா?

ஹாஜரா: அவுகளேதான். நம்ம ரூவா மதிப்பக் கொறச்சதுல இருந்து இங்கன டிக்கெட் வெல எக்கச்சக்கமா ஏறிப்போச்சாம். கொழும்புல சம்பாதிக்கவன் எவனாவது இங்கன வந்து எடுப்பானான்னு சிரிக்காவ.

மசூது: அவன் கெடக்கான்...

ஹாஜரா: முழிக்காதீங்க. என்னைக்குக் கெளம்புவீங்களோன்னு தெனம் நாள எண்ணிக்கிட்டுக் கெடக்கேன். போறதுன்னா தேதியவாவது சொல்லித் தொலைங்க!

மசூது: போறவனுக்குத்தானட்டி டிக்கெட்டு...

ஹாஜரா: என்னது?

மசூது: வேலைய விட்டுட்டு வந்துட்டேன் ஹாஜரா. ஒங்கூடப் பொறந்த அண்ணன் பிடிச்சுக் குடுத்த வேல... ஒங்க வீட்டுல என்ன பேசுவாவளோன்னுதான் வாயத் தொறக்கல. சுரண்டையில ஒரு ஜவுளிக் கட பாத்திருக்கேன். கொழும்பு வருமானத்துல பாதிகூட வராது... ஏட்டி, என்னத்துக்கு அழுத? ஆளுவ பாக்காவ.

ஹாஜரா: பாத்தாப் பாக்கட்டும். நெசமாவே போவ மாட்டீங்களா?

மசூது: பெத்த பிள்ள என்னயக் கண்டா கதவுக்குப் பின்னால போயி ஒளியுது. இனிமே என்னத்துக்குப் போவ?

ஹாஜரா: அல்ஹம்துலில்லாஹ்! இப்பதான் மூச்சே வருது... மச்சான், ஒண்ணு சொன்னா ஏச மாட்டீங்களே?

மசூது: இன்னைக்கு என்னத்தச் சொன்னாலும் ஏச மாட்டேன்.

ஹாஜரா: நீங்க வந்த அன்னைக்கே ஒங்க பாஸ்போட்ட எடுத்து அரிசிப் பானைக்குள்ள பொதச்சிட்டேன். இத்தன நாளா நீங்க அதத் தேடவே இல்ல... அப்பதான் நீங்க போவ மாட்டீங்களோன்னு எனக்கு ஒரு நப்பாச வந்து, துல்கர்னைன் அண்ணன்ட்ட டிக்கெட் வெலையையே கேட்டேன்!