ஒரே விலாசம்

ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பஸ்ஸில் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்த இளைஞனிடம் சொன்னதைக் கேட்டதும் எண்ணிக்கை தவறிவிட்டது.

"அண்ணே, நீங்க செஞ்ச போன் ஆப்புல நம்ம தேயிலைத் தோட்டமே ஒரே ஆளுதான்."

"என்ன புள்ள சொல்ற?"

"திங்கக்கிழமை கொழும்புல வேலைக்குச் சேரணும். கூட்டா தங்க ரூம் தேடலாம்னு பதிஞ்சேன். இந்த விலாசத்துல ஏற்கனவே ஒருத்தர் இருக்காருன்னு தள்ளிருச்சு. என் கூட்டாளிக்கும் அதேதான்."

"கள்ளப் பேருல பதியக்கூடாதுன்னு நான்தான் வச்சேன். ஒரு விலாசத்துக்கு ஒரு ஆளு."

"லயத்து வரிசை வீட்டுக்கு ஏதுண்ணே நம்பரு? எல்லாருக்கும் தோட்டத்துப் பேருதானே விலாசம். லயத்துல பொறந்துட்டு மறந்துட்டீங்களே!"

அவன் போனில் தேடினான். பிறகு திரையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டான். அவள் எட்டிப் பார்த்தாள்.

"அந்த ஒரு ஆளு நீங்கதானா?"

"சரியா வேலை செய்யுதான்னு பார்க்கப் பதிஞ்சேன் புள்ள."

"நல்லா செய்யுதுண்ணே. எங்க யாரையும் விடல."

நோர்வூட் வரும்வரை அவன் போனில் தட்டிக்கொண்டே இருந்தான். "அந்த விதியை எடுத்துட்டேன். இப்ப போடு."

அவள் தட்டிப் பார்த்துவிட்டு, உடனே யாரையோ அழைத்தாள்.

"அடியே, நீயும் பதி. இப்ப நம்ம தோட்டத்துல ரெண்டு பேரு இருக்கோம்."