வெறும் படம்

ஸ்கேன் அறை எப்போதும் குளிராக இருக்கும். அதனால் வருகிறவர்களுக்குப் போர்த்தக் கொடுக்கும் துணியை நானே வீட்டில் துவைத்துக் காயவைத்து எடுத்து வருவேன். வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நான் கவனமில்லாத ஆள் இல்லை.

மேனுகா மண்டூரிலிருந்து தாயோடு வந்தாள். வாவியைப் படகில் கடந்து வந்ததில் பாவாடை ஓரம் நனைந்திருந்தது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்தவள். ஓயாத தலைவலி என்றாள். தோட்டையும் கொண்டை ஊசியையும் கழற்றித் தாயிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அண்ணா, மண்டைக்குள்ள மூளை இரிக்கா எண்டும் பாத்துச் சொல்லுங்க. இல்லெண்டுதான் அம்மா சொல்றா.”

இருந்தது. ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் மருத்துவர் கொழும்பில் இருக்கிறார். எங்கள் சனங்கள் அவரைக் கண்டதில்லை. அதனால் அறிக்கையை விட்டுவிட்டு, படம் எடுத்தவனின் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

“என்னவும் இரிக்கா மனே?” என்று தாய் கேட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. திரையை இன்னொரு தரம் உற்றுப் பார்த்தேன். பிறகு, “கொஞ்ச நாள் போக இன்னொருக்காப் பாத்தா நல்லம்” என்றேன். அறிக்கையில் ஒன்றுமில்லை என்று வந்தபோதும் அவர் என்னிடம்தான் வந்தார். “இப்ப இல்ல” என்றேன்.

அவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஊர் மருத்துவர் மருந்து ஏற்றாத வெறும் படம்தான் எழுதிக் கொடுப்பார். நான் மருந்தும் ஏற்றினேன். கடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்து. கட்டி இருந்தால் படத்தில் வெளிச்சமாகக் காட்டும். அவளுக்குக் கட்டி இல்லை. ஆனால் ஊசி ஏறும் வரைக்கும் அவள் கை என் கையில் இருந்தது. அதற்கு மேல் அவளை நான் தொட்டதில்லை.

மருந்து சிறுநீரோடு போய்விடும் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். ஒரு நாள், ஊசிக்கு முன் எடுத்த படத்திலேயே, சிறுமூளைக்குள் சுருங்கிய இலை போன்ற ஓரிடம் வெளிறித் தெரிந்தது. பழைய படங்களோடு வைத்துப் பார்த்தேன். முதற்படத்தில் அந்த வெளுப்பு இல்லை. நான் ஏற்றியதில் கொஞ்சம் போகாமல் தங்கிவிட்டது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தேடிப் படித்தேன். பழைய வகை மருந்து கூடுதலாகத் தங்கும், புதிய வகை குறைவாக. எங்கள் நிலையத்துக்குப் புதிய வகை வந்ததும் எல்லோருக்கும் அதையே ஏற்றினேன். பழைய பெட்டிகளை அவளுக்கு ஒதுக்கிவைத்தேன். கொழும்புக்கு ஒவ்வொரு முறையும் வெளுப்பு இல்லாத அவளுடைய முதற்படங்களையே அனுப்பினேன். அந்த இலை வெளுப்பால் தீங்கு உண்டு என்று இன்னும் யாரும் உறுதிப்படுத்தவில்லை. அதையும் எழுதுங்கள்.

தையில் அவளுக்குக் கலியாணம் வைக்க இருந்தார்கள். அவளுக்கென்று கட்டிய வீடு கூரைக்குக் காத்து நின்றது.

“வைப்பமா மனே?”

“இன்னொருக்காப் பாத்துட்டு வைங்க.”

தலைக்குள் ஏதோ இருக்கும் பெண் என்று மாப்பிள்ளை வீட்டார் விலகிவிட்டார்கள்.

கடைசியாக அவள் தனியே வந்தாள். கண்டியில் வேறொரு மருத்துவரிடம் போயிருக்கிறாள். அங்கே எடுத்த வெறும் படத்தைப் பார்த்ததுமே, எத்தனை தரம் மருந்து ஏற்றினார்கள் என்று அவர் கேட்டிருக்கிறார்.

“ஏத்தச் சொல்லி ஆரு எழுதின?” அண்ணா என்று சேர்க்கவில்லை.

“ஒருத்தரும் இல்ல.”

“அப்ப என்ட தலைக்குள்ள என்ன வருத்தம்?”

“ஒண்டும் இல்ல. ஒருநாளும் இருக்கல்ல.”

“உள்ள கிடக்கிறது வெளிய வருமா?”

“முழுசா வராது.”

அவளிடம் அன்றுதான் உண்மை பேசினேன். அவள் கையைப் பிடிக்கப் போனேன், இழுத்துக்கொண்டாள்.

அவளை வருத்த நான் நினைக்கவில்லை ஐயா. அவள் வேறு ஊர் போகட்டும், யாரையும் கட்டட்டும், என் பெயரையும் மறக்கட்டும். இனி யார் படம் எடுத்தாலும் மருந்து ஏற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அவள் உடம்புக்கு அது நல்லதில்லை. தேவையும் இல்லை.

வெறும் படத்திலேயே நான் தெரிவேன்.