மினுக்கல் இல்லாத டேப்

முதலில் உங்கள் சுவர்க் கடிகாரத்தை யாரையாவது விட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள். நாலு நிமிஷம் பின்தங்கி ஓடுகிறது. வாக்குமூலத்தில் நேரம் போடுவீர்கள் அல்லவா, அதுவாவது சரியாக இருக்கட்டும்.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். "கவனக்குறைவால்" என்ற வார்த்தை மூன்று இடங்களில் வருகிறது. அதை அடித்துவிட வேண்டும். வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்து பேசுவதே அதற்காகத்தான்.

என் வேலை பிலிமை வீடியோ டேப்புக்கு மாற்றுவது. இருபத்திரண்டு வருஷம். பழைய கேமராக்கள் நொடிக்குப் பதினாறு படம் எடுக்கும். டேப் நொடிக்கு இருபத்தைந்து படம் கேட்கும். அதனால் புரொஜெக்டரின் வேகத்தையும், வெளிச்சத்தை வெட்டும் ஷட்டரையும் பொருத்தி வைக்க வேண்டும். எடுத்த வேகத்திலேயே ஓட்டினால்தான் டேப்பில் அசைவு இயல்பாக இருக்கும்; பதினாறு வேகத்துக்கு மூன்று இறக்கை ஷட்டர், இருபத்தைந்துக்கு இரண்டு இறக்கை. பொருத்தம் தப்பினால் டேப்பில் படம் மினுக்கிக்கொண்டே இருக்கும், பார்க்கிறவனுக்குத் தலை வலிக்கும். தினமும் காலையில் நொடிக்கு ஒரு கோடு விழும் சோதனைப் பிலிமை ஓட்டி, ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் நான் டீயே குடிப்பேன்.

என் தங்கையின் கணவர் கிரேன் ஓட்டுகிறவர். மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் அவர் இறக்கிக்கொண்டிருந்த இரும்பு உத்தரம் தரையை நெருங்கும் நேரத்தில் கம்பிவடம் அறுந்து, கீழே நின்ற ஒருவர் செத்துப்போனார். அந்த உயரத்திலிருந்து சுமையை இறக்க எட்டு நொடியாவது எடுக்க வேண்டும் என்பது விதி. பத்து நொடி எடுத்தேன், வடம்தான் பழசு என்று மாப்பிள்ளை சொன்னார். நிர்வாகம் வேகமாக இறக்கினார் என்றது. நல்லவேளையாக அன்று தளத்தின் பொறியாளர் பிலிம் எடுத்துக்கொண்டிருந்தார். நீதிமன்றத்தில் புரொஜெக்டர் இல்லாததால், டேப்பாக மாற்ற அந்தச் சுருள் எங்கள் கடைக்கு வந்தது. எனக்கு அவர் என்ன உறவு என்று ஒருவரும் கேட்கவில்லை. தங்கைக்கு ஏக சந்தோஷம். மாப்பிள்ளையும், "மச்சான் கைக்குப் போயிருக்கு, இனி கவலையில்ல" என்று சொல்லிவிட்டு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாராம்.

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர்கள் கல்யாணத்தை ஒரு உறவுக்காரர் பிலிமில் எடுத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்தான் அதை டேப்பாக மாற்றிக் கொடுத்தேன். படம் வேகமாக ஓடியது, மினுக்கவும் செய்தது. வந்தவர்கள் கோழிகள் மாதிரி கொத்திக் கொத்தித் தின்றார்கள். மகளை அனுப்பிவைத்துவிட்டு எங்கள் அப்பா கண்ணைத் துடைக்கும் இடம் ஈ ஓட்டுவது போல இருந்தது. அடுத்த வருஷமே அப்பா போய்விட்டார். அவர் நடமாடும் படம் அது ஒன்றுதான். வேறு டேப் போட்டுத் தருகிறேன், சுருளைக் கொடுங்கள் என்றேன். "வேணாம் மச்சான், இதுதான் ஜாலியா இருக்கு" என்றார். பதினெட்டு வருஷம், வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த டேப்பைப் போடுவார். அப்பா வரும் இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போடுவார்; எல்லோரும் சிரிப்பார்கள். இதை மாற்றிக் கொடுத்த நிபுணர் இவர்தான் என்று என்னைக் காட்டுவார். அவர் மகள் பேசக் கற்றதும் என்னை "அவசர மாமா" என்றாள். குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

சரி, சுருளுக்கு வருகிறேன். பதினாறில் எடுத்த பிலிம் அது. மூன்று இறக்கை ஷட்டரைக் கழற்றினேன். நாலு திருகாணி. இரண்டு இறக்கையை மாட்டி, வேகத்தை இருபத்தைந்தில் வைத்தேன். பத்து நொடி, ஆறரை நொடிக்குள் வந்துவிட்டது. படத்தின் ஓரத்தில் ஆட்கள் நடந்தார்கள், இடது பக்கத் தூணில் ஒரு கடிகாரம் இருந்தது. இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் திரையில் ஓடுவதை டேப்பில் பிடிக்கும் வீடியோ கேமராவை நெருக்கி உத்தரம் மட்டும் தெரியும்படி பிடித்தேன். "சுமை தெளிவாகத் தெரிவதற்காக" என்று உறையில் எழுதினேன். தெளிவாகவே தெரிந்தது. நீதிமன்றத்தில் நிபுணர் மூன்று தடவை அளந்தார். டேப் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

ஐந்து வருஷம் போட்டார்கள். பதினான்காம் மாதம் மாப்பிள்ளை உள்ளேயே இறந்தார். அவருடைய கடைசிக் கடிதத்தைத் தங்கை காட்டினாள். பத்து நொடி, பத்து நொடி என்று பக்கம் முழுக்க அதுவேதான். கையெழுத்து நன்றாக இருந்தது.

பிறகு யாரோ மேல்முறையீடு செய்து, நீங்கள் மூலச் சுருளை ஓட்டி, தூணில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தீர்கள். வேகத்தை மாற்றி வைக்க மறந்துவிட்டேன் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். இதோ இந்த அறையில் இன்று காலை தங்கையும் அதைத்தான் கேட்டாள்.

"அண்ணா, தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் நம்பிக்கிறேன். எனக்கு அது போதும்."

அவளுக்கு இனி நான் ஒருவன்தான். அது எனக்கும் தெரியும்.

"அந்த டேப்புல மினுக்கல் இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. பொறுமையாக விளக்கினேன். வேகத்தை மட்டும் மறந்திருந்தால் படம் மினுக்கியிருக்கும். மினுக்கவில்லை என்றால் ஷட்டரையும் யாரோ உட்கார்ந்து மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பாதியிலேயே எழுந்துவிட்டாள். நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். அப்பாவும் அப்படித்தான் செய்வார்.

ஆகையால் "கவனக்குறைவால்" என்பதை மூன்று இடங்களிலும் அடித்துவிட்டு, "தெரிந்தே" என்று எழுதுங்கள். அவரை உள்ளே அனுப்பியது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

அப்படியே கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்யாண டேப்பிலும் நடந்தது என் கவனக்குறைவு அல்ல; அன்றைக்குக் கரண்ட் சீராக வரவில்லை.