கல் ரூம் கதவு

ராத்திரி ஏழரை மணி... ஆஸ்திரேலியாவுல வின்டன்ங்கற ஊருக்குப் போற செம்மண் ரோடு. முன்னாலயும் பின்னாலயும் அறுபது மைலுக்கு வெளிச்சம் கிடையாது, அந்த ஒரு மது விடுதியைத் தவிர. என் சிநேகிதி ஷெரிலோட அக்கா கிளெனிஸும் அவ புருஷன் ராஸும்தான் அதை வாங்கி நடத்தினாங்க. சிரிக்காதீங்க, கிட்ட வாங்க.

குதிரை வண்டி காலத்து விடுதி அது. பின்னால ஒரு கல் ரூம்... ஜன்னல் இல்லை, தாழ்ப்பாள் வெளியில. ஆட்டு ரோமம் கத்தரிக்க வர்றவன் குடிச்சு மட்டையானா, காட்டுப் பக்கம் போய்ச் சாகாம இருக்கட்டும்னு அதுல போட்டுத் தாழ் போடுவாங்க. ஒரு கிறிஸ்துமஸ் வாரம், அங்க அதுதான் உச்சிக் கோடை, ஒருத்தனைப் போட்டாங்க. அவன் தட்டியிருக்கான். "தூங்குடா!"ன்னு கத்திட்டுக் குடிச்சுட்டே இருந்தாங்க, பாவிங்க. நாத்தம் வந்த பிறகுதான் அவன் ஞாபகமே வந்துச்சு.

அதுக்கப்புறம் அதைச் சாமான் ரூம் ஆக்கிட்டாங்க, ஆனா கோடை வந்தா அந்தக் கதவுல சத்தம் கேக்கும். டொக்... டொக்... எல்லாருக்கும் பயம் விட்டுப்போச்சு. எல்லாருமா "தூங்குடா!"ன்னு கத்துவாங்க. நின்னுடும்.

அன்னைக்கு அந்த ஏழரை மணிக்குத்தான் ராஸ் ஐஸ் வாங்க டவுனுக்குப் போறேன்னு கிளம்பினான். கொஞ்ச நேரத்துல சத்தம். டொக் டொக் இல்லை... உள்ளங்கையால படபடன்னு.

"இன்னைக்குப் பயலுக்குத் தாகம் ஜாஸ்தி போல!"ன்னான் மெர்வ், தினமும் வந்து உக்கார்ற கிழவன். ஒரே சிரிப்பு. கிளெனிஸும் சிரிச்சா.

"தூங்கித் தொலைடா, வியாபாரம் நடக்குதுல்ல!"

நிக்கலை. கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. பத்து மணிக்குத்தான் அடங்குச்சு.

கடையைச் சாத்திட்டுக் குப்பை கொட்டப் பின்னால போனா. ராஸோட வண்டி அங்கேயே நிக்குது. தொட்டுப் பாத்தா... ஓடின சூடே இல்லை.

கல் ரூமுக்கு ஓடினா. கதவு காத்துல அடிச்சுச் சாத்தி, தாழ்ப்பாள் தானா விழுந்து மாட்டியிருக்கு. திறந்தா அடுப்பு மாதிரி அனல்... கொட்டின பீர் வாடை. ஐஸ் பெட்டி எடுக்க உள்ள போனவன் தலையில, பரண்ல இருந்த பீப்பாய் விழுந்திருக்கு.

"ராஸ்! நான்தான்யா... எழுந்திரு!"

எழுந்திருக்கலை.

விடியக்காலம் டாக்டர் வந்தார். "அடிபட்ட நிமிஷமே நினைவு தப்பியிருக்கும்மா. அப்புறம் அசைஞ்சிருக்கவே முடியாது. உசிரு மட்டும் பத்து மணி வரைக்கும் இருந்திருக்கு. முன்னாடியே திறந்திருந்தா..."

கிளெனிஸ் அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. ஒரு கீறல்கூட இல்லை. அப்புறம் கதவோட உள்பக்கத்தைப் பாத்தா...

மேல இருந்து கீழ வரைக்கும் உள்ளங்கை உள்ளங்கையா ரத்தம். இன்னும் காயலை.