ஆறில் ஒரு தாள்

என் சிக்கல் மிகச் சின்னது. ஆறு பிலிம் தாள்களைக் கழுவினால் ஏதாவது ஒன்றில் மட்டும் சாம்பல் நிறத்தில் மூட்டம் விழுந்திருக்கும். மற்ற ஐந்தும் சுத்தமாக இருக்கும். எந்தத் தாளில் விழும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

நீங்கள் கேட்டது அக்காவைப் பற்றி என்று தெரியும். இங்கிருந்து தொடங்கினால்தான் அது புரியும்.

என் வீட்டிலிருந்து எடுத்துவந்து மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்த மரப்பெட்டிதான் கேமரா. முன்னால் லென்ஸ், பின்னால் சொரசொரப்பான கண்ணாடி, நடுவில் மடிப்பு மடிப்பாகக் கறுப்புத் துருத்தி. உருவம் கண்ணாடியில் தலைகீழாக விழும். தலைமேல் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பிறகு ஹோல்டர் என்கிற தட்டையான கூட்டைச் செருகுவோம். அதற்குள் விரித்த கை அளவுக்கு ஒரு பிலிம் தாள். ஒரு தாளுக்கு ஒரு படம்தான். துருத்தியைக் கொஞ்சம் மெதுவாகப் பிடியுங்கள், மடிப்பின் மூலைகளில்தான் முதலில் ஓட்டை விழும்.

இப்படிப்பட்ட கேமரா வைத்திருப்பவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அங்கே என்னை டாக்டர் என்று கூப்பிடுவார்கள். படுத்துவிட்ட கேமராக்களை எல்லாம் படம்பிடித்துப் போடுவார்கள், நான் நோய் என்ன என்று சொல்வேன். அலுவலகத்தில் நான் அச்சு இயந்திரத்தில் சிக்கிய காகிதத்தை உருவி எடுப்பவன். அங்கே என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை, காகிதம் சிக்கினாலொழிய.

ஆண்டுக்கொருமுறை குழுவில் படப் பரிமாற்றம் நடக்கும். ஆளுக்கொரு படத்தைக் கையால் அச்சிட்டு எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். இந்தத் தடவை என் அக்காவின் முகம் என்று நான் முன்கூட்டியே எழுதிவிட்டேன்.

அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் அவள். அவளுக்கு இழுப்பு உண்டு. கை நடுங்குவதால் இன்ஹேலரை அவளால் அழுத்த முடியாது. அதனால் அது எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். இழுப்பு வந்தால் என்னைத் தேடி வருவாள், நான் அவள் தாடையைப் பிடித்து மருந்தை அடித்துவிடுவேன். அவள் கேட்டுக்கொண்டபடி, நான் பிலிம் கழுவும் இருட்டறையின் உள்தாழ்ப்பாளைக்கூடக் கழற்றிவிட்டேன். இனி அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே போடமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை. போய்ப் பாருங்கள், திருகாணித் துளைகள் மட்டும்தான் இருக்கும்.

ஜன்னலோரம் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தேன். என் லென்ஸுக்கு ஒரு விநாடிக்கு மேல் வெளிச்சம் வேண்டும். அதுவரை ஆடக்கூடாது, மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். இழுப்புக்காரிக்கு அது லேசான காரியமில்லை, ஆனாலும் செய்தாள்.

“விடலாமாடா?”

“விடுக்கா.”

“உன் பொட்டி மேல தூசி பட்டாக்கூடப் பதறிப்போய்த் தொடைக்கிற. நான் மூச்சு விடுறதுக்கு உங்கிட்டப் பர்மிஷன் கேக்க வேண்டியிருக்கு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அடுத்த தாள் வீணாயிற்று. நான் அடுத்த ஹோல்டரை எடுத்துச் செருகினேன். நான் பொறுமைசாலி, குழுவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அன்று கழுவியதில் நல்லதாக வந்திருக்க வேண்டிய தாளில்தான் மூட்டம். மறுபடி எடுத்தேன், மறுபடி மூட்டம். வேறு வழியில்லாமல் குழுவில் கேட்டேன். “டாக்டருக்கே ஜுரமா?” என்று ஒருவர் எழுதினார். வேடிக்கைக்குத்தான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆளுக்கொரு வழி சொன்னார்கள். இருட்டில் துருத்திக்குள் டார்ச்சைப் போட்டு, வெளியே புள்ளியாக வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தேன். கசியவில்லை. ஹோல்டர்களை மாற்றினேன். இருட்டறையில் இடுக்கு இடுக்காகக் கறுப்பு நாடா ஒட்டினேன். காற்றை வெளியேற்றும் விசிறியின் துவாரத்தைக்கூட அட்டை வைத்து அடைத்தேன். அதன்பிறகு ஆறில் இரண்டு தாள் கெட்டது. அடைக்க அடைக்க மூட்டம் கூடியது. பரிமாற்றத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் கழிப்பறைக்குள் போய் நின்றுகொண்டு குழுவைப் பார்ப்பேன். எனக்குப் பதில் சொல்ல ஒருவரிடமும் எதுவும் மிச்சமில்லை.

அப்போதுதான் துருத்தி வந்தார். குழுவில் எல்லோருக்கும் துருத்தி தைத்துத் தருபவர், பெயரே அதுவாகிவிட்டது.

“டாக்டர், மூட்டம் தாளோட ஓரம் வரைக்கும் இருக்கா, இல்ல ஓரம் மட்டும் சுத்தமா இருக்கா?” என்று கேட்டார்.

அருமையான கேள்வி. ஹோல்டருக்குள் தாளின் ஓரங்கள் ஒரு மெல்லிய சட்டத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். கேமராவில் வெளிச்சம் கசிந்தால் ஓரம் மட்டும் தப்பிக்கும். என் தாள்களில் மூட்டம் விளிம்பு வரை இருந்தது. அப்படியானால் கேமராவில் குற்றமில்லை. தாள் ஹோல்டரைவிட்டு வெளியே வந்தபிறகு, இருட்டறையில்தான் வெளிச்சம் பட்டிருக்கிறது.

தாள்களைக் கழுவும் முறை இது. ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக மருந்துத் தட்டில் போட்டு, அடித்தாளை உருவி மேலே வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே இருக்கும் தாள் மற்றவற்றுக்குக் குடை. அந்த நேரத்தில் வெளிச்சம் வந்தால் அது மட்டும் நனையும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு கழுவுகிறவன். முழு இருட்டில் திறந்த கண், இல்லாத வெளிச்சத்தை எல்லாம் காட்டும். மூடிக்கொண்டால் விரல் நிதானமாக இருக்கும்.

அடுத்த முறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கழுவினேன். கதவோரம் நூல்போல ஒரு வெளிச்சம். நிலையில் சாய்ந்து, நெஞ்சில் கைவைத்தபடி அக்கா நின்றிருந்தாள். இழுப்பில் அவளால் பேச முடியாது. என்னைப் பார்த்துவிட்டு ஓசையில்லாமல் கதவைச் சாத்தினாள்.

மருந்து அடித்து மூச்சு திரும்பியபின் சொன்னாள்: “நீ வேலையா இருந்தே. முடிச்சிட்டு வருவேன்னு வெளியவே நின்னேன். வெளிச்சம் வரக்கூடாதுன்னு கொஞ்சமாத்தாண்டா தொறப்பேன்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை நிம்மதி. எல்லாம் பொருந்திவிட்டது. தாளைக் கழுவும் மருந்தின் புளித்த நெடி இழுப்பைக் கிளப்பும். விசிறித் துவாரத்தை அடைத்ததும் நெடி வீட்டுக்குள் திரும்பியது, இழுப்பு கூடியது, அவள் வருவது கூடியது, மூட்டம் கூடியது. ஒரு பல்சக்கரம் இன்னொன்றைத் திருப்புவதுபோல. கெட்ட தாள்களைக் காட்டி அவளுக்கும் விளக்கினேன்.

“இனிமே தொறக்க மாட்டேன்” என்றாள். ஆனால் அடுத்த முறையும் திறந்தாள். அவள்மேல் தப்பில்லை, அந்த நேரத்தில் கால் தானாக வந்துவிடும். அட்டையை எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எடுத்தால் அந்த வழியாக வெளிச்சம் வரும்.

பரிமாற்றத்துக்கு இரண்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவளைப் படம் எடுத்தேன். மூச்சை நன்றாக அடக்கிக்கொண்டாள். மதியம் அவளைப் படுக்கவைத்துவிட்டு இருட்டறைக்குள் போனேன்.

தாள்கள் மருந்தில் இறங்கிய சற்றுநேரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. பாதியில் விட்டுவிட்டு வெளியே போனால் ஆறும் போய்விடும், அது உங்களுக்கு இப்போது தெரியும். அவள் தட்டியது ஒரே சீராக இருந்தது. தாள் மாற்றுவதற்குச் சீர் மிக முக்கியம். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு தாள் என்று அடியிலிருந்து உருவி மேலே வைத்தேன். நடுவில் தட்டுவது நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு மனதுக்குள் எண்ணிக்கொண்டேன்.

தாள்களை அலசி, கொடியில் மாட்டி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆறும் விளிம்புவரை சுத்தம். ஜன்னல் வெளிச்சத்தில் அவள் கண்ணிமை முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. கையில் ஈரம் காய்வதற்கு முன்பே குழுவில் ‘தீர்ந்தது’ என்று எழுதினேன். வாழ்த்துகள் வந்து குவிந்தன. அதை எல்லாம் படித்துவிட்டுத்தான் அவள் அறைக்குப் போனேன். இன்ஹேலர் சட்டைப்பையில்தான் இருந்தது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சிக்கல் தீர்ந்தவர் எப்படித் தீர்ந்தது என்று கடைசியில் எழுதிவிட வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும். “என்ன பண்ணீங்க டாக்டர், சொல்லிட்டுப் போங்க” என்று துருத்தி கேட்டிருக்கிறார். என் கைபேசி உங்களிடம் இருக்கிறது. இதை அப்படியே எழுதிவிடுங்கள்: அக்காவின் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம், கழற்றி வைத்திருந்த அந்தப் பழைய தாழ்ப்பாளைப் பொருத்தி, கழுவப் போகும் முன் போட்டுவிட்டேன். அதன்பிறகு ஒரு தாளிலும் மூட்டம் இல்லை.