வேம்பார் வள்ளம்

நடந்தது ராத்திரியில்ல. நல்லாக் கேட்டுக்கிடுங்க... உச்சிவெயில்.

விளாத்திகுளத்துக்கும் புதூருக்கும் நடுவுல உள்ள ரோடு. ரெண்டு பக்கமும் கரிசக்காடு. கொத்தமல்லிச்செடி பூத்து வாசனை ஆளைத் தூக்குது. ஒரு காக்கா குருவி சத்தம் இல்ல. அந்த ரோட்டுல தன்னந்தனியா ஒரு டிராக்டர் வருது. பின்னால டிரெய்லர்ல... வள்ளம். கடல்ல மீன் பிடிக்கப் போவாகளே, அந்தச் சின்னப் பலகை வள்ளம்.

ஓட்டிட்டு வந்தது நம்ம ராமசுப்புவோட பெரியப்பா, உக்கிரபாண்டி. இன்னைக்கும் இருக்காவ. ராமசுப்புகிட்ட ஒரே ஒரு தடவைதான் இதைச் சொல்லியிருக்காவ.

ஏலே, அந்த டார்ச்சை அணை.

எமர்ஜென்சி முடிஞ்சதுக்கு அடுத்த தை மாசம். அந்த ஐப்பசியில கொட்டுன மழையில அவரு ஊரு கண்மாய் நெறஞ்சு கெடந்துச்சு. மீன் பிடிக்கிற பாட்டம், அதான் குத்தகை, அவரு தங்கச்சி மாப்பிள்ளை சங்கிலிப்பாண்டிக்கு. நடுக்கண்மாய்க்குப் போக வள்ளம் வேணும். ரெண்டு பேருமா வேம்பாருக்குப் போனாவ. அன்னைக்குக் காலையிலதான் சங்கிலிப்பாண்டி கடலையே மொதமொதலாப் பாக்காரு.

வள்ளத்தை வித்தது ஒரு பொம்பளை. ஐப்பசிப் புயல்ல அவ புருசன் கடலுக்குப் போனவன் வரல. வள்ளம் மட்டும் தானா வந்து கரையேறிருக்கு. மூணு மாசமா மணல்ல காஞ்சுக்கிட்டுக் கெடக்கு.  ஏத்தி முடிச்சுக் கிளம்பும்போது அவ கேட்டா, "அவிய வந்து வள்ளத்தைத் தேடுனா நான் என்ன சொல்லட்டும்?"

சங்கிலிப்பாண்டி சிரிச்சுட்டாரு. உக்கிரபாண்டிக்குச் சிரிப்பு வரல.

உக்கிரபாண்டி கட்டுனதுல ஒரு குறையும் கிடையாது. அடியில வைக்கல் பரப்பி, ரெண்டு பக்கமும் உருளாம மண்மூட்டை அண்டக் குடுத்து, குறுக்க ரெண்டு கயிறு போட்டு டிரெய்லர் கொக்கியில இறுக்கியாச்சு. வள்ளத்து மூக்குல ஒரு கயிறு, டிரெய்லர் முன்பக்கச் சட்டத்தோட சேத்து. பின்னால நீட்டிக்கிட்டு இருந்த வாலுல சிவப்புத் துணி. கயித்தைச் சுண்டுனா ணங்குன்னு சத்தம் கேக்கணும். கேட்டுச்சு. மாட்டுவண்டியில பருத்திப் பொதி கட்டியே வளர்ந்த கை அது.

விளாத்திகுளம் தாண்டவும்... சர்ருன்னு ரோட்டுல எதுவோ இழுபடுற சத்தம். நிப்பாட்டிப் பாத்தா, மூக்குக் கயிறு தொங்குது. அறுந்து போகல. அவுந்திருக்கு.

"என்ன மச்சான், பொட்டை முடிச்சாப் போட்டீங்க?"

உக்கிரபாண்டி கயித்தை எடுத்தாரு. திரும்ப இறுக்குனாரு. ரெட்டை முடிச்சு.

கொஞ்ச தூரம் போயிருக்கும். மல்லி வாசனை நின்னு போச்சு. அதுக்குப் பதிலா... கருவாடும் ஈரப் பாசியும் கலந்த மாதிரி ஒரு வாடை. திரும்பிப் பாத்தாரு. வந்த ரோடு முழுக்க ஒரு ஈரக்கோடு. டிரெய்லர்ல இருந்து சொட்டிக்கிட்டே வருது.

இறங்கிப் பாத்தாவ. மூணு மாசம் காஞ்ச வள்ளத்துக்குள்ள கரண்டைக்கால் அளவு தண்ணி. சங்கிலிப்பாண்டி விரலை விட்டு நாக்குல வச்சாரு. துப்புனாரு.

உப்பு.

மூக்குக் கயிறு இப்பவும் அவுந்துதான் கெடக்கு. ஆனா தொங்கல. பாம்பு சுருண்டு படுத்த மாதிரி அழகாச் சுருட்டி, வள்ளத்துக்குள்ள வச்சிருக்கு.

"மாப்ளே, இது வேண்டாம். இங்கனயே இறக்கிப் போட்டுட்டுப் போயிருவோம்."

"ஊரு பூரா கண்மாய்க்கரையில நிக்கும் மச்சான். எதைக் கண்டு பயப்படுதீய? நான் உள்ள உக்காந்து கயித்தைப் பிடிச்சுக்கிடுதேன். எவன் அவுக்கான்னு பாக்கேன்!"

ஏறி உக்காந்துட்டாரு. உக்கிரபாண்டி வண்டியை எடுத்தாரு. அதுதான் அவரு செஞ்ச தப்புன்னு கேக்குறவுக சொல்வாவ. நான் சொல்ல மாட்டேன்.

டிராக்டர் இழுக்க மாட்டேங்குது. என்ஜின் முக்குது. முன் சக்கரம் லேசாத் தூக்குது... அவ்வளவு பாரம். திரும்பிப் பாத்தாரு. சங்கிலிப்பாண்டி முதுகைக் காட்டி உக்காந்திருக்காரு. கையில கயிறு. சரி.

இன்னொரு தடவை பாத்தாரு. சங்கிலிப்பாண்டி தலையை ஆட்டுதாரு. எதிர்ல உள்ள ஆள் சொல்றதுக்கு 'ஆமா, ஆமா'ங்கிற மாதிரி. எதிர்ல ஆள் இல்ல.

மூணாவது தடவை... சங்கிலிப்பாண்டி துடுப்புப் போடுதாரு. கையில துடுப்புக் கிடையாது. இடுப்பு முன்னால வளையுது, பின்னால நிமிருது. வளையுது, நிமிருது. பிறந்ததுல இருந்து கடல்ல கெடந்தவன் மாதிரி.

பிரேக்கை மிதிச்சு, குதிச்சு ஓடுனாரு. ஆளு தலையில இருந்து காலு வரைக்கும் நனைஞ்சிருக்காரு. உதட்டுல உப்பு வெள்ளையாப் பூத்திருக்கு. மூக்குக் கயிறு அவரு இடுப்பைச் சுத்தி இறுக்கிக் கட்டியிருக்கு. உக்கிரபாண்டி ஆயுசுல பாக்காத முடிச்சு. நகத்தை வச்சு நோண்டிப் பாத்தாரு, அசையல.

"மாப்ளே! மாப்ளே!"

சங்கிலிப்பாண்டி திரும்பல. வேற யாரோட குரல்லயோ கேட்டாரு.

"கரை தெரியுதா?"

டூல் பெட்டியில கெடந்த அருவாளை எடுத்துக் கயித்தை அறுத்தாரு. ஆளைத் தோள்ல தூக்கி டிராக்டர்ல சீட்டுக்குப் பின்னால உக்கார வச்சாரு. டிரெய்லரை மாட்டியிருந்த பின்னைப் பிடுங்கிக் கழட்டி விட்டுட்டு, வெறும் டிராக்டர்ல புதூருக்குப் பறந்தாரு. போற வழி முழுக்க சங்கிலிப்பாண்டி அவரு முதுகுல சாஞ்சு உப்புத்தண்ணியா வாந்தி எடுத்துக்கிட்டே வந்தாரு.

பிழைச்சுக்கிட்டாரு. ஆனா உள்ளங்கை ரெண்டும் கொப்புளம். ராத்திரி பகலாத் துடுப்புப் போட்டவனுக்குத்தான் அப்படிக் கொப்புளிக்குமாம். அதுக்கப்புறம் கண்மாய்ப் பக்கமே போகல. பாட்டத்தையும் விட்டுட்டாரு. பொண்டாட்டி வேலுத்தாய் குளிக்கத் தண்ணி எடுத்து வச்சாக்கூட, வாளிக்குள்ள எட்டிப் பாத்துட்டுத்தான் கையை விடுவாராம்.

மறுநாள் பகல்ல, நாலு ஆளைக் கூட்டிக்கிட்டு உக்கிரபாண்டி அங்கன போனாரு.

டிரெய்லர் விட்ட இடத்துலயே நிக்கி. வள்ளம் இல்ல.

'எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்'னு ஒருத்தன் சொன்னான். சொன்னவன் கிட்டப் போகவும் வாயை மூடிட்டான்.

குறுக்க போட்ட கயிறு ரெண்டும் அப்படியே இருக்கு. அவுக்கல. அறுக்கல. இந்தக் கொக்கியில இருந்து மேல ஏறி, குறுக்க ஓடி, அந்தக் கொக்கிக்கு இறங்கி... வள்ளத்து மேல எப்படிக் கெடந்துச்சோ அப்படியே விறைப்பா நிக்கி. கயித்துக்குக் கீழ ஒண்ணும் இல்ல. வெறும் வெயிலு.

கூட வந்த நாலு பேரும் பின்னாலேயே நகந்துட்டாவ. உக்கிரபாண்டி மட்டும் கிட்டப் போனாரு. கயித்துக்குக் கீழ, அந்த வெறும் வெயில்ல, மெல்ல கையை நீட்டுனாரு.

ஈரப் பலகை தட்டுப்பட்டுச்சு.

கையை எடுக்கல. எடுக்க முடியல... பலகைக்கு அந்தப் பக்கத்துல, அவரு உள்ளங்கை பட்ட அதே இடத்துல, இன்னொரு உள்ளங்கை வந்து மெதுவா அழுத்துச்சாம்.